'நட்டேன், முளைக்கவில்லை': ஆசைக்கு எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் வழி

கேள்வி பட்டர்வொர்த்திலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இது: முகநூலைத் திறந்தால் பத்துப் பேர் பகிர்ந்த ஒரே செய்தி. தோட்டம், தபால்தலை, ரயில், பறவை, புத்தகம் என்று தன் ஆசைக்காக எழுதுகிற தனிமனிதர்களின் வலைப்பூக்களைப் படிக்க வேண்டும். கூகுளில் தேடினால் கடைகளும் விளம்பரங்களும்தான் வருகின்றன. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வாசிக்க வரும். அப்படி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா, இருந்தால் எங்கே?

இருக்கிறார்கள். கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன எச்சரிக்கை முதலில்: கீழே தமிழில் எழுதியிருக்கும் தேடல் கட்டளைகளையும் முகவரித் துண்டுகளையும் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

"கறிவேப்பிலை வளர்ப்பது எப்படி" என்று கூகுளிடம் கேட்டால், அதே வரியைத் தலைப்பாக வைத்துக் காத்திருக்கும் தளங்கள்தான் முண்டியடித்து முன்னால் வரும். தன் வீட்டுப் பின்கட்டில் செடி வைத்திருப்பவர் அப்படித் தலைப்பு வைப்பதில்லை. "மூணாவது செடியும் போச்சு" என்று வைப்பார். ஆகவே தலைப்பைத் தேடாமல், அவர் உள்ளே எழுதக்கூடிய வாக்கியத்தைத் தேட வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' என்று தனியாக எழுதினால்தான் ஆள் தெரியும். தமிழில் வினைமுற்றிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். "வளர்க்கலாம்", "ஊற்ற வேண்டும்", "பயன்படுத்தப்படுகிறது" என்பதெல்லாம் தளங்களின் மொழி. "நட்டேன்", "வாங்கி வந்தேன்", "போயிருந்தோம்", "முளைக்கவில்லை" என்பது ஆளின் மொழி. நாளிதழ்ச் செய்தியிலோ கடையின் விளம்பரப் பக்கத்திலோ "நட்டேன்" என்ற சொல் வருவது அபூர்வம். பொருளைக் குறிக்கும் இரண்டு சொல், அதோடு ஒரு தன்மை வினைமுற்று, ஒவ்வொன்றும் தனித்தனி இரட்டை மேற்கோள் குறிக்குள். "கறிவேப்பிலை" "தொட்டியில்" "நட்டேன்". இவ்வளவு போதும்.

வேற்றுமை உருபையும் கவனியுங்கள். பினாங்கு, பினாங்கில், பினாங்கிலிருந்து, பினாங்குக்கு எல்லாம் நமக்கு ஒரே ஊர். மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் தேடுபொறிக்கு அவை நான்கு வேறு சொற்கள். "பினாங்கு" என்றால் சுற்றுலா நிறுவனங்கள் வரும். "பினாங்கிலிருந்து" "கிளம்பினோம்" என்றால் குடும்பத்தோடு காரில் கிளம்பியவர் வருவார். ஒரே தேடலை மூன்று உருபுகளில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

தமிழ்நாட்டுப் பக்கங்களின் வெள்ளத்தில் மலேசியத் தமிழர் எழுதியது மூழ்கிப்போகும். அதை வடிகட்ட நம் ஊர்ச் சொற்களே போதும். நல்ல சல்லடை "வெள்ளி". அங்கே ரூபாய், இங்கே வெள்ளி. ஆனால் அதுவே கிழமையும் உலோகமும் என்பதால் தனியாகப் போட்டால் நகைக்கடையும் வெள்ளிக்கிழமை விரதமும் வந்து சேரும். "வெள்ளிக்கு வாங்கினேன்" என்று சேர்த்துப் போடுங்கள். "பசியாறினோம்", "பாசார் மாலாம்", "தாமான்", "தோட்டப்புறம்", "பால்மரம்", "லயம்", "அகப்பக்கம்", "இடைநிலைப்பள்ளி" ஆகியவையும் அப்படியே. ஊர்ப்பெயர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும்: கோலாலம்பூர் என்பார் ஒருவர், கோலாலும்பூர் என்பார் இன்னொருவர். செந்தூல், சிரம்பான், ஈப்போ எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு. ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மலேசியத் தமிழ் வலைப்பூக்களில் கணிசமானவை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்காக நடத்தியவை. பயிற்சித் தாள், மாதிரிக் கட்டுரை, மரபுத்தொடர்ப் பட்டியல். பிள்ளை படிக்கும் வீட்டுக்கு அவை பொக்கிஷம். உங்கள் தேடலுக்கு இடைஞ்சல். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்து செய்யப்பட்டுவிட்டாலும் பக்கங்கள் அப்படியே நிற்கின்றன. தேடல் வரியின் கடைசியில் கழித்தல் குறி போட்டு, இடைவெளி விடாமல் "யூபிஎஸ்ஆர்", "பயிற்சி", "வினாத்தாள்" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அவை ஒதுங்கிக்கொள்ளும்.

கட்டளைகளில் இரண்டு போதும். ஒன்று, 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் பிளாக்ஸ்பாட்.காம் (கூகுளின் பிளாகர் சேவையில் எழுதுகிறவர்களின் முகவரி) அல்லது வேர்ட்பிரஸ்.காம். தேடல் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும். இரண்டு, 'பிஃபோர்', முக்காற்புள்ளி, பிறகு ஆண்டு-மாதம்-நாள். 2022-11-30 என்று போட்டால் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முந்தியவை மட்டும் வரும். இயந்திரம் உருட்டிப் போட்ட கட்டுரைகள் பெரும்பாலும் விலகிவிடும். 2013-07-01 என்று போட்டால் இன்னும் பழைய அடுக்கு திறக்கும். வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்ட நாள் அது. பல வாசகர்களுக்கு வலைப்பூக்களோடு இருந்த தொடர்பு அன்றைக்கு அறுந்தது. இந்தக் கட்டளை பக்கத்தின் தேதியை ஏறத்தாழத்தான் கணிக்கும், சில புதிய பக்கங்களும் நுழைந்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முகவரியில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது மட்டும் வீண் வேலை. தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு, முகவரிக்கு 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப்பெயரும் ஓர் எண்ணும் கொடுக்கும். வேர்ட்பிரஸ் தமிழை வைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்குறியையும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது இடமாக விரிக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 45 இடம். அந்த நீள முகவரியைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒட்டும்போது பாதியில் அறுந்து, "பக்கம் இல்லை" என்று வருவது இதனால்தான். பதிவு தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதற்பக்கத்துக்குப் போய்த் தலைப்பைக் கொண்டு தேடினால் இருக்கும்.

அடுத்து, பொழுதுபோக்குக்காரர்களின் உள்சொல். எந்த ஆசையிலும் வெளியாள் சொல் ஒன்று, உள்ளாள் சொல் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் "மலாயா தபால்தலை" என்று தேடினால் விற்பனைப் பட்டியல் வரும். "2602" என்ற எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தபால்தலைகள் மீது 'டாய் நிப்பொன் 2602' என்று மேலச்சு அடித்தார்கள். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு, நமக்கு 1942. இந்த எண்ணைப் போட்டாலும் விற்கிறவர்கள் சிலர் வரத்தான் செய்வார்கள், ஆனால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து மை எப்படிப் பரவியிருக்கிறது, மேலச்சு அசலா போலியா என்று எழுதுகிறவர்களும் கூடவே வருவார்கள். ரயிலுக்கும் இதே கதை. "கே.டி.எம். ரயில்" பயணச்சீட்டு விற்கிறவர்களைக் கொண்டுவரும். "கிளாஸ் 24" என்று எஞ்சின் வகையை எண்ணோடு கேட்டால், மழையில் நடைமேடை ஓரம் காமிராவோடு நிற்கும் கூட்டம் வரும். பறவைக்கு இனத்தின் பெயர், இடம், மாதம் மூன்றும் சேர வேண்டும். வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைப் பார்க்க மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் ஆட்கள் கூடுவார்கள். அந்த ஊர்ப்பெயரோடு 'மார்ச்' சேர்த்து, ஆண்டை மட்டும் மாற்றி மாற்றித் தேடுங்கள். வருடா வருடம் போய் எண்ணிக்கை எழுதி வைப்பவர்கள் வரிசையாக வருவார்கள்.

உள்சொல் தெரியாத துறையா? கோளாறைக் கேளுங்கள். "நுனி சுருண்டு", "பூஞ்சை பிடித்து", "ஒட்டிக்கொண்டது", "பற்றவில்லை", "இரண்டாம் தடவை". விற்கிறவன் கோளாறை எழுத மாட்டான். கைபட்டுச் செய்தவர்தான் எழுதுவார்.

மலாயில் தேடும்போது 'நான்' என்பதற்கு 'சாயா'வை விட்டு 'ஆகு' போடுங்கள்; சொந்தக் கதை பேசும் மலாய் வலைப்பூக்களில் பேச்சுமொழி அதிகம். அங்கே ஒரு தனி வழக்கம் உண்டு: 'செக்மென் புளோக்லிஸ்ட்'. ஒரு பதிவர், "என் பட்டியலில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள்" என்று அறிவிப்பார். கீழே பின்னூட்டத்தில் வரிசையாக வலைப்பூ முகவரிகள் வந்து விழும். இந்தச் சொல்லையும், மற்றவர் வலைப்பூக்களை வலம் வருவதைக் குறிக்கும் 'புளோக்வாக்கிங்' என்பதையும் நடப்பு ஆண்டோடு சேர்த்துத் தேடினால் ஒரே பக்கத்தில் பல கதவு. சமையல், அலுவலகக் கதை, குழந்தை வளர்ப்பு அதிகம் இருக்கும். சலித்துத்தான் எடுக்க வேண்டும். 2007-இல் நஃப்நாங் என்ற விளம்பர வலையமைப்பு வந்த பிறகு எழுதப்பட்ட ஆங்கில, மலாய்ப் பதிவுகளில், காசு வாங்கிக்கொண்டு எழுதிய பாராட்டுகளும் கலந்திருக்கும். உணவகம், கைத்தொலைபேசி, முகப்பூச்சு பற்றிய பதிவுகளை ஒரு கண் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

இவ்வளவும் முதல் கதவைத் திறக்க மட்டுமே. நல்ல வலைப்பூ ஒன்று கிடைத்துவிட்டால் தேடுபொறியை மூடிவிட்டு அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். மற்ற பதிவர்கள் இருப்பது அங்கேதான்.

கைத்தொலைபேசியில் பார்க்கிறவர்களுக்கு ஓரமே தெரியாது. பிளாகர் தன் கைபேசிப் பதிப்பில் பக்கப்பட்டையை மறைத்துவிடும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, 'எம்', சமக்குறி, 1 என்று இருக்கும். அந்த 1-ஐ 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் அடியில் 'வலையில் காட்டு' என்ற இணைப்பைத் தொடுங்கள். பக்கப்பட்டை முளைக்கும்.

அதில் மூன்றைப் பாருங்கள். முதலில் காப்பகம்: ஆண்டும், அடைப்புக்குறிக்குள் பதிவு எண்ணிக்கையும் இருக்கும். உதாரணத்துக்கு 2009 (143), 2010 (96), 2011 (41), 2012 (7) என்று இறங்கினால் உற்சாகம் வடிந்த கதை; கடைசி ஏழில் விடைபெறும் பதிவும், பெரும்பாலும் புது முகவரியும் இருக்கும். 18, 22, 15, 20 என்று பத்தாண்டு ஓடினால் அதுதான் தேடிய ஆள். ஒரே ஆண்டில் 600 பதிவு என்றால் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டும் வலைப்பூ என்று வைத்துக்கொள்ளலாம். அரிதாகத்தான் இந்தக் கணக்கு பொய்க்கும்.

இரண்டாவது, அவர் படிக்கும் வலைப்பூக்களின் பட்டியல். பிளாகரின் பட்டியல் தானாகவே புதியது மேலே வரும்படி அடுக்கி, "2 நாட்களுக்கு முன்பு", "9 ஆண்டுகளுக்கு முன்பு" என்று கீழே குறித்துக் காட்டும். பட்டியலுக்குச் சொந்தக்காரர் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாலும், பட்டியல் மட்டும் இன்னமும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஆளில்லாத வீட்டில் கடிகாரம் ஓடுகிற மாதிரி. செத்த வலைப்பூ என்று ஒதுக்காமல் அதன் ஓரத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். மேலே நிற்கும் ஐந்தாறை மட்டும் திறந்தால் போதும். மூன்றாவது, பின்னூட்டம் போட்டவர்களின் பெயர்கள். சும்மா "அருமை" என்று போட்டுப் போனவரை விடுங்கள். இரண்டு பத்தி மறுத்து எழுதியவரின் பெயரைச் சொடுக்குங்கள். அவருக்கும் ஒரு வலைப்பூ இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழுக்கே உரிய கதவுகள் சில உண்டு. ஒரு காலத்தில் தமிழ்மணம், தேன்கூடு, திரட்டி, இன்ட்லி என்று, பலரின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் தளங்கள் இருந்தன; திரட்டிகள் என்பார்கள். எழுதியது அரை மணியில் எல்லார் கண்ணிலும் படும். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அப்போது பதிவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டி எழுதியவை கிடக்கின்றன. 'தொடர்பதிவு' என்று ஒரு விளையாட்டு: ஒருவர் ஒரு தலைப்பில் எழுதி முடித்து, கடைசியில் நாலைந்து பேரைப் பெயர் சொல்லி, இணைப்போடு அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுதி இன்னும் நாலைந்து பேரை அழைப்பார். "தொடர்பதிவுக்கு அழைக்கிறேன்" என்று மேற்கோள் குறிக்குள் தேடி ஒன்றைப் பிடித்தால், சங்கிலியின் இரு முனைக்கும் நடந்து போகலாம். 'வலைச்சரம்' என்ற கூட்டு வலைப்பூ இன்னும் பெரிய சுரங்கம். வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்து, தனக்குப் பிடித்த வலைப்பூக்களைத் தினமும் அறிமுகம் செய்தார். ஒரே இடுகையில் பத்துப் பதினைந்து இணைப்புகள்கூட இருக்கும். 'தமிழ்மணம் நட்சத்திரம்' என்ற சொல்லும் பயன்படும். தமிழ்மணத்தில் வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக நிறுத்தினார்கள். அந்த வாரம் அவர் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார். ஆளின் தரத்தை அறிய அந்த ஏழு நாள் பதிவுகளைப் படித்தால் போதும். மொக்கை, கும்மி என்று பதிவர்களே பெயர் வைத்த வகையும் நிறைய உண்டு. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

இலக்கிய ஆசை உள்ளவர்கள் கோலாலம்பூரிலிருந்து வரும் வல்லினம் இணைய இதழில் எழுதுகிறவர்களின் பெயரைப் பிடித்து, அந்தப் பெயரோடு 'வலைப்பூ' சேர்த்துத் தேடலாம். வேர்ட்பிரஸ்.காமில் சாய்கோடு, 'டேக்', சாய்கோடு, பிறகு தமிழிலேயே ஒரு குறிச்சொல் தட்டினால் அந்தக் குறிச்சொல்லில் வந்த பதிவுகளைக் காட்டும்.

ஆங்கிலத்தில் வேலை சுலபம், ஏனென்றால் இதற்கென்றே இடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். 'ஊ டைரக்டரி' 2022-இல் தொடங்கியது. ஒருவர் கையால் பொறுக்கிப் பொருள்வாரியாக அடுக்கியது, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது எழுதியது என்றும் காட்டும். 'காகி ஸ்மால் வெப்' சொடுக்கச் சொடுக்க யாரோ ஒருவரின் அண்மைப் பதிவைத் திறக்கும். 'மார்ஜினாலியா' விளம்பரம் குறைந்த, எழுத்து மிகுந்த பக்கங்களை முன்னே தள்ளும் தேடுபொறி. கேள்வியாக எழுதாமல் வெறும் சொற்களாகப் போட்டால்தான் அதற்குப் புரியும். 'வைபி' பழைய பாணி எளிய பக்கங்களுக்கு. நான்கிலும் தமிழ் கிடைக்காது, தென்கிழக்காசியாவும் குறைவு. கணினிக்காரர்களின் ஆதிக்கம் தூக்கல். தபால்தலை, பறவை, தோட்டத்துக்கு ஊ டைரக்டரியிலிருந்து தொடங்குவது மேல்.

பிடித்ததைத் தக்கவைப்பது அடுத்த வேலை. இதைச் செய்யாதவர்களுக்குத் தேடியதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துபோகும். வலைப்பூ ஒவ்வொன்றும் ஓர் ஓடையை வைத்திருக்கிறது, ஆர்.எஸ்.எஸ். அல்லது ஆட்டம் என்பார்கள். படிப்பான் செயலி ஒன்றில் அந்த ஓடையைச் சேர்த்துவிட்டால் புதிதாக எழுதியது தானாக வந்து நிற்கும். ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் இணையத்தில். இலவசக் கணக்கே தாராளம். ஐபோனிலும் மேக்கிலும் நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டில் ஃபீடர், இரண்டுக்கும் காசில்லை.

பெரும்பாலும் முதற்பக்க முகவரியை ஒட்டினால் செயலியே ஓடையைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்காவிட்டால் கையால் கொடுக்க வேண்டும். பிளாகரில் முகவரிக்குப் பின் /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட். வேர்ட்பிரஸிலும் சப்ஸ்டாக்கிலும் வெறும் /ஃபீட். டம்ப்ளரில் /ஆர்எஸ்எஸ். மீடியத்தில் மட்டும் 'ஃபீட்' என்பது எழுத்தாளர் பெயருக்கு முன்னால் வரும். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி: பிளாகர் முகவரியில் 'டிஃபால்ட்'டுக்குப் பின் சாய்கோடு, சிறுகோடு, சாய்கோடு போட்டு ஒரு லேபிளை (பதிவுக்கு அவர் வைத்த குறிச்சொல்) எழுதினால், அந்த லேபிள் பதிவுகள் மட்டும் வரும். அரசியலும் தோட்டமும் மாறி மாறி எழுதுகிறவரிடம் தோட்டத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். லேபிளை அவர் எழுதியபடியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் எழுத வேண்டும். மாறினால் ஓடை வெறுமையாக வரும், பிழை என்றுகூடச் சொல்லாது.

முதன்முதல் சேர்க்கும்போது பழையது எல்லாம் வராது. வழக்கமாக வேர்ட்பிரஸ் கடைசி 10 பதிவுகளையும் பிளாகர் 25-ஐயும்தான் ஓடையில் விடும். முந்தியவற்றைத் தளத்தில் போய்த்தான் படிக்க வேண்டும். முதல் பத்தி மட்டும் வந்து "மேலும் படிக்க" என்று நின்றால் அது எழுதியவரின் அமைப்பு. உங்கள் செயலியில் கோளாறில்லை. பழைய வலைப்பூக்களில் "மின்னஞ்சலில் பெற" என்று ஒரு பெட்டி இருக்கும். ஃபீட்பர்னர் தந்த அந்த மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றுவிட்டது. முகவரியை அதில் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

பழைய பக்கங்கள் படுத்தும் பாடு தனி. திறக்கும்போது திணறுகிறதா, வேறெங்கோ தள்ளுகிறதா? நின்றுபோன திரட்டி ஏதோ ஒன்றில் பதிவுக்கு ஓட்டுப் போட வைத்த பட்டையின் நிரல் இன்னும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் திறந்தால் எழுத்து வந்துவிடும். ஓடை வழியாகப் படித்தால் இந்தத் தொல்லையே கிடையாது. இணைப்பு பிளாக்ஸ்பாட்.மை என்றோ பிளாக்ஸ்பாட்.இன் என்றோ முடிந்தால் அந்த வாலை வெட்டி .காம் போடுங்கள். நாடுவாரி முகவரியைச் சில ஆண்டுகள் கூகுள் நடத்திப் பிறகு விட்டுவிட்டது; .இன் பெயரோ 2020-இல் வேறு கைக்கே போனது. எழுத்துக்குப் பதில் பவுண்டுக் குறியும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாகத் தெரிந்தால் அது இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு முந்திய தமிழ், பெரும்பாலும் திஸ்கி என்ற குறியாக்கம். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு நம்முடையது, இங்கே அத்தகைய பக்கங்கள் எதிர்ப்படத்தான் செய்யும். வரிகளை நகலெடுத்து 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒட்டி, திஸ்கியைத் தேர்ந்தால் படிக்கும்படி ஆகிவிடும்.

சொந்தப் பெயரில் முகவரி வாங்கி எழுதியவர் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்வார். பறவை வலைப்பூவைத் திறந்தால் இந்தோனேசிய மொழியில் சூதாட்ட விளம்பரம் வருவது இந்த வகை. அங்கே எதையும் சொடுக்காமல் மூடிவிட்டு, முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கொடுங்கள். ஆண்டுவாரிப் பட்டை ஒன்று வரும். விளம்பரம் ஏறுவதற்கு முந்திய ஆண்டைத் தொட்டால் பழைய பக்கம் திறக்கும். முதற்பக்கம் மட்டும்தான் சேமிக்கப்பட்டிருக்கிறதா, உள்ளேயும் இருக்கிறதா என்று பார்க்க, முகவரியின் முடிவில் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுக் கேட்டால் கைவசம் உள்ள பக்கங்களின் பட்டியலையே கொடுக்கும்.

எத்தனை சேர்ப்பது? முதலில் 15. ஆசைக்கு எழுதுகிறவர் மாதம் இரண்டு பதிவு எழுதினாலே அதிகம், ஆக 15 பேருக்கு மாதம் 30. நாளுக்கு ஒன்று, காலைப் பயணத்துக்கு அளவாக இருக்கும். 40 வரை போனாலும் நாளுக்கு மூன்றைத் தாண்டாது. செய்தித் தளம் ஒன்றை அதே பட்டியலில் சேர்த்தீர்களோ, நாளுக்கு ஐம்பது வந்து மற்றவர்களைப் புதைத்துவிடும். அதற்கு வேறு அடுக்கு வையுங்கள். ஓராண்டாக ஒன்றும் எழுதவில்லை என்று யாரையும் நீக்க வேண்டியதில்லை. பேசாத ஓடை பட்டியலில் ஓர் வரியைத் தவிர வேறெதையும் அடைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைப்புகளில் 'ஏற்றுமதி' என்பதைத் தொட்டு, உங்கள் ஓடைகளின் பட்டியல் அடங்கிய ஓ.பி.எம்.எல். கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நூறு வலைப்பூ இருந்தாலும் சில பத்து கிலோபைட்தான். படிப்பான் நிறுவனம் கடையை மூடினால் அந்தக் கோப்பை வேறு செயலியில் 'இறக்குமதி' செய்துகொள்ளலாம். அதையே புலனத்தில் நண்பருக்கு அனுப்பினால், அவர் கையிலும் உங்கள் பட்டியல் முழுசாகத் திறக்கும். அனுப்புமுன் தனிப்பட்ட மடல் ஓடைகள் ஏதாவது கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கட்டிப் படிக்கும் மடல்களின் ஓடை முகவரியிலேயே உங்கள் சாவியும் இருக்கும்.